நாரணாபுரத்துக் கம்பம்

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியின் ஆபீஸ் மாடியில், செயற்கைக்கோளிலிருந்து வரும் வானொலியைப் பிடித்து ஊருக்கு அனுப்பும் கம்பத்தடியில், அதைப் பராமரிக்கும் பாலகுரு குந்தியிருக்கிறான். அதன் சோதனை ஒலிபரப்பு உரிமத்தை அரசு இந்தத் தடவை புதுப்பித்துத் தரவில்லை. கழற்றச் சொல்லி வானொலி நிறுவனத்தின் மேலிடத்திலிருந்து போன் வந்துவிட்டது. துருவேறிய நட்டு ஸ்பானருக்கு மசிய மாட்டேன் என்கிறது. மேற்கே மேகம் கறுத்து, வெயில் பழுப்பாகிறது. கீழே வேப்பமரத்தடியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் பாண்டிச்செல்வி பசைக்கையோடு நிமிர்கிறாள். “மழை வர்ற நேரத்துல இடிதாங்கியக் கழட்டுறீகளே, அண்ணே?” “இது இடிதாங்கி இல்லம்மா. ரேடியோக் கம்பம்.” தூரத்தில் இடி உருள்கிறது. மரத்தடியில் லேபிள் ஒட்டும் எல்லாப் பெண்களின் கைகளும் ஒரு கணம் நிற்கின்றன. “அப்ப இம்புட்டு நாளா எதை நம்பி இங்கன உக்காந்திருந்தோம்?” என்கிறாள் பாண்டிச்செல்வி. குனிந்து அடுத்த லேபிளை எடுக்கிறாள்.