காது கேட்காத மெஷின்

"இருக்கறதுலேயே மட்டமானது எது தம்பி? அதைக் குடுங்க."

லாயிட் நிமிர்ந்து பார்த்தார். ஒஹையோவின் அந்தச் சின்ன ஊரில், மண்ணுக்குள் கிடக்கும் காசையும் பழைய சாமானையும் தேடுகிற மெட்டல் டிடெக்டர் விற்கும் ஒரே கடை அவருடையது. பத்தொன்பது வருஷத்தில் இப்படிக் கேட்டு ஒருத்தரும் வந்ததில்லை.

எழுபது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. பெயர் ஐரீன். கையோடு ஒரு டிடெக்டர் கொண்டுவந்து மேஜை மேல் கிடத்தினார். லாயிட் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ரகம் அது. விலை அப்படி.

"என் வீட்டுக்காரர் க்ளெம்மோடது. இதை எடுத்துக்கிட்டு மட்டமா ஒண்ணு குடுங்க. மிச்சம் எதுவும் தர வேண்டாம்."

"ரிப்பேரா?"

"சேச்சே, நல்லா வேலை செய்யுது. அதான் தொல்லையே."

ஓரத்தில் டோனட் தின்றுகொண்டிருந்த டுவேனுக்குப் புரையேறியது. பாட்டரி வாங்க வந்தவர். வாங்கி அரை மணி நேரமாகியும் போகவில்லை.

லாயிட் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"திரை இருக்கே. எத்தனை அங்குலம்னு எழுதிக் காட்டுமா?"

"துல்லியமா காட்டும்."

"அறிவாளி. வேண்டாம்."

அடுத்தது பழைய பாணி. திரை கிடையாது. திருகுவதற்கு இரண்டு குமிழ், ஆடுவதற்கு ஒரு முள், அவ்வளவுதான். ஐரீனின் முகம் மலர்ந்தது. "சோதிச்சுப் பாக்கலாமா?"

கடைக்குப் பின்னால் லாயிட் காசுகளைப் புதைத்துவைத்திருந்தார். நாலு அங்குலத்தில் ஒன்று, ஒரு அடியில் ஒன்று.

நாலு அங்குலத்தின் மேல் 'பீப்' என்றது. ஐரீன் தலையாட்டினார். ஒரு அடியின் மேல் கொசு ரீங்காரம் மாதிரி லேசாக 'ம்ங்ங்'.

"கேட்டுடுச்சே!" என்று ஐரீன் இடிந்துபோனார்.

"ஏம்மா, கேக்கறதுக்குத்தானே மெஷினு!"

"இதை விட மோசமா ஒண்ணும் இல்லையா?"

இருந்தது. பரணில், தூசியோடு. அதுவும் இரண்டு குமிழ், ஒரு முள்தான். நாலு அங்குலத்துக்கு 'பீப்'. ஒரு அடிக்கு மூச்சில்லை. ஐரீன் தானே குமிழைக் கடைசிவரை திருகி, லாயிட்டை அதன் மேல் மூன்று முறை நடக்கச் சொன்னார். டுவேன் மண்டிபோட்டுத் தரையில் காதை வைத்துப் பார்த்தார். ஊஹூம்.

"அட, செவிடு! தங்கமான செவிடு!" ஐரீன் கைதட்டிவிட்டார்.

லாயிட்டுக்குத் தொழிலையே கேலி செய்தது போலிருந்தது.

டுவேன் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டார். "அப்படி என்னம்மா தப்பு பண்ணிட்டார் உங்க க்ளெம்? என் பொண்டாட்டி என் மெஷினை ஒளிச்சு வெப்பா. ஆனா இப்படிப் பல்லைப் பிடுங்கினதில்லை."

"அவர் தேடாம இருக்கக் கூடாது. தினம் ஒரு பென்னி, ஒரு பட்டன், ஏதாவது ஆப்டணும். மேலாப்புல. அதுக்குக் கீழ ஒண்ணும் தெரியக் கூடாது."

"கீழதானேம்மா சரக்கே இருக்கு! சிப்பாய் பட்டன், வெள்ளிக் காசு..."

"இருந்துட்டுப் போகட்டும்."

காரைக் கடை வாசலுக்குக் கொண்டுவர ஐரீன் போனார்.

"ராட்சசி" என்றார் டுவேன்.

பார்த்தேயிராத அந்த க்ளெம்முக்காக லாயிட்டின் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அலமாரியிலிருந்து பெரிய வட்டத் தட்டு ஒன்றை எடுத்தார். மெஷினின் அடியில் மாட்டினால், செவிட்டு மெஷினுக்கும் ஒரு அடி ஆழம் கேட்கும். செவிட்டு மெஷினை வைத்திருந்த பெட்டிக்குள் சத்தமில்லாமல் செருகி மூடினார். டுவேன் கட்டைவிரலை உயர்த்தினார்.

ஐரீன் திரும்பி வந்தார். முட்டை வாங்குகிறவர் போலப் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"இந்தத் தட்டு எதுக்கு?"

லாயிட்டுக்கு முகம் சிவந்தது. "மனசு கேக்கலைம்மா. இதை மாட்டினா ஆழமா தேடலாம். உங்க வீட்டுக்காரருக்கு என் அன்பளிப்பா இருக்கட்டும். வயசான காலத்துல மனுஷனுக்கு இருக்கற ஒரே சந்தோஷம். அதுல மண்ணைப் போடாதீங்க."

ஐரீன் தட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார்.

"எங்க கொல்லையில ஜிஞ்சரைப் புதைச்சிருக்கோம் தம்பி. பதினாலு வருஷம் அவர் காலடியிலேயே கிடந்த நாய். ஒரு அடிக்குக் கீழ, கழுத்துல பேர் வில்லையோட."

"வில்லையைக் கழட்டிட்டா மெஷின் கத்தாதே!" என்றார் டுவேன்.

"பேர் இல்லாம அது எப்படிப் போகும்னு அவர் தன் கையால கட்டிவிட்டது. கழட்டப் போனேன். என்னால முடியலை."

தான் கொண்டுவந்த டிடெக்டரை ஐரீன் விரலால் தொட்டார்.

"இந்த மெஷின் வில்லையைக் கண்டுபிடிச்சு மூணு தரம் கத்திச்சு. மூணு தரமும் தோண்டிட்டார். நேத்து நடந்தது இன்னிக்கு அவருக்கு நினைப்பிருக்கறதில்லை தம்பி..."

ஐரீன் பெட்டியை மூடினார்.

"தோண்டின மூணு நாளும், அவருக்கு ஜிஞ்சர் அன்னிக்குத்தான் செத்துது."