மீரா சாகிபுக்கு மட்டும் இல்லை

"அறுக்குற மெஷின் ரிப்பேரா? அப்ப உள்ள கூத்தையா என்ன, பல்லாலயா பலகையை அறுக்குறான்?"

நஃபீசா போட்ட சத்தத்தில் புதுமடம் பொதுப் பட்டறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டுக் கொட்டிலுக்குக் கதவு செய்துகொண்டிருந்த கூத்தையா பதறிப்போய் மெஷினை நிறுத்தினான். அதுவரை அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் எல்லோர் காதிலும் விழுந்தது.

பட்டறைப் பொறுப்பாளர் சண்முகவள்ளி குனிந்து மரத்தூளைக் கூட்ட ஆரம்பித்தாள்.

சுனாமிக்கு அப்புறம் ஒரு தொண்டு நிறுவனம் போட்டுக் கொடுத்த கொட்டகை அது. மரம் அறுக்க, துளை போட, வெல்டிங் வைக்க, துணி தைக்க எல்லாவற்றுக்கும் உள்ளே மெஷின் உண்டு. ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து வேலை செய்துகொள்ளலாம். சுத்தியலைத் தலைகீழாகப் பிடிக்கிறவன் வந்தாலும் சண்முகவள்ளி பொறுமையாக எடுத்துக் கொடுப்பாள்.

நஃபீசாவின் கணவர் மீரா சாகிபு ஒருவருக்கு மட்டும்தான் 'இல்லை'.

"சவுதியில அரண்மனைக்குக் கதவு செஞ்சவரு இவரு!" என்றாள் நஃபீசா. அது அரண்மனை இல்லை, ஒரு பெரிய வீடு. கடல் தாண்டி ஊர் வந்து சேருவதற்குள் அரண்மனை ஆகிவிட்டது.

"மகளுக்கு இது மாசம். பேரப்பிள்ளைக்குத் தொட்டில் செய்யணும்னு பலகை வாங்கிப் போட்டிருக்காரு. வந்து கேட்டா, ஒரு நாளு கரண்டு இல்லைங்குற, ஒரு நாளு பிளேடு இல்லைங்குற. ஏம்மா, எங்க வீட்டுக்காரரு உன்னைய என்ன செஞ்சாரு?"

"விடு நஃபீசா. அவுக இல்லைன்னா இல்லைதான்" என்று முனகினார் மீரா சாகிபு.

"நீங்க சும்மா இருங்க. வாயில்லாத மனுசன்னு தெரிஞ்சுதான் எல்லாரும் ஏச்சுப்புடுறாக."

பட்டறைக் கமிட்டித் தலைவர் வாவு முகம்மது வரவழைக்கப்பட்டார். சாப்பாட்டுப் பாதியில் எழுந்து வந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது.

"ஏம்மா, ஆளு பாத்துக் கொடுக்கவா இதை வச்சிருக்கோம்? காரணத்தைச் சொல்லு."

"காரணம் இருக்குங்க. ஆனா சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதா? அப்ப சாவியைக் கொடுத்துட்டுப் போ. வேற ஆளு பாத்துக்குறோம்."

சண்முகவள்ளிக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் அடுப்பு எரிவதே இந்த வேலையால்தான். இருந்தாலும் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"சாவியை வாங்காதீங்க!"

கத்தியது ஒருவர் இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கத்தினார்கள். கத்திவிட்டு ஒருவரை ஒருவர் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

"இப்பத்தானம்மா நியாயம் கேட்ட?" என்றார் வாவு முகம்மது.

"கேட்டேன். அதுக்காக ஒரு பொம்பளை பொழப்புல மண்ணைப் போடச் சொன்னேனா? நல்ல கமிட்டி வச்சு நடத்துறீக!" என்று அவர் மீதே பாய்ந்தாள் நஃபீசா.

இனிமேல் சாப்பாட்டு நேரத்தில் யார் கூப்பிட்டாலும் வரக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு அவர் நடையைக் கட்டினார்.

மாலை அஸர் தொழுகை முடிந்து மீரா சாகிபு மட்டும் தனியாக வந்தார். கொட்டகையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

"என்னால உனக்கு எம்புட்டுப் பேச்சு! ரகசியமா உன்கிட்டச் சொன்னதை நீயும் காப்பாத்திட்ட."

"அக்காகிட்ட நீங்களே சொல்லிரலாமேண்ணே."

அவர் வலது கையை நீட்டிக் காட்டினார். அது நிற்காமல் நடுங்கியது.

"இந்தக் கையோட மெஷினைத் தொட்டா விரலு போயிரும். அங்கன சவுதிக் கம்பெனியில அதுக்குத்தான் அனுப்பிவிட்டாக. அவகிட்ட, போதும்னு நானே வந்துட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன். மகளைப் பாத்துக்குற நேரத்துல என்னை நினைச்சு வேற அவ உருகணுமா? பிரசவம் முடியட்டும். அதுவரைக்கும் நான் வந்து கேப்பேன். நீ இல்லைன்னே சொல்லு."

சண்முகவள்ளி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள்.

"கேக்கவும் வேணாம், இல்லைன்னு சொல்லவும் வேணாம்ணே. சனிக்கிழமையில மரவேலை வகுப்பு ஆரம்பிச்சிருவோம். நீங்கதான் வாத்தியாரு. வாத்தியாரு வாயால சொல்லித் தரணும், மெஷினைத் தொடக்கூடாதுன்னு சட்டம் போட்டுர்றேன். மொதப் பாடம் தொட்டிலு."

"யாரு அறுப்பா? கூத்தையாவா?" மீரா சாகிபுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பப் பிள்ளை ஒரு பக்கமாத்தான் சாஞ்சு தூங்கும்."

சிரித்துக்கொண்டே போனார். வந்தபோது இருந்த கூனல் போகும்போது இல்லை.

அவர் தெரு முனை திரும்பியிருக்கமாட்டார். பின்பக்கக் கதவைத் தட்டிக்கொண்டு நஃபீசா வந்து நின்றாள். கையில் ஒரு கிண்ணம் நிறையத் தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல்.

"தின்னு. நான் செஞ்சது. ரொம்பப் பேசிட்டேனோ?"

"அதெல்லாம் இல்லக்கா. நாளைக்கு அண்ணனை வரச் சொல்லுங்க, ஒரு விசயம் பேசணும்..."

"வரட்டும். ஆனா மெஷினை மட்டும் கொடுத்துடாத! நான் எம்புட்டுக் கத்தினாலும் கொடுத்துடாத. பெரிய ஆசாரின்னு நாலு பேரு முன்னால நான் கத்தினாத்தான் அவருக்கு நெஞ்சு நிமிரும், அதுக்குத்தான் கத்துறேன்."

சண்முகவள்ளிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன்க்கா கொடுக்கக்கூடாது?"

நஃபீசா வாசல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வந்து இறங்குன நாள்லேர்ந்து அவருக்கு அரை டம்ளரு டீதான் ஊத்துறேன், கை நடுங்கிச் சிந்திட்டா மனசு ஒடிஞ்சு போவாரேன்னு. எனக்குத் தெரியும்னு அவருகிட்ட மட்டும் சொல்லிப்புடாத, என்ன?"