குட்டிக்கு ஒரு கீறலும் இல்லை

"ரெண்டு பேரும் ஒரே பாழுங்கிணத்துக்குள்ளைதானே விழுந்தனாங்கள், டொக்டர்? பூனைக்குட்டிக்கு ஒரு கீறலும் இல்லையாம். எனக்கெண்டால் கால் ரெண்டு இடத்திலை முறிஞ்சிருக்கு," என்றார் கட்டிலில் கிடந்த குகதாசன்.

"அது கால் கிலோ. சின்ன உடம்புக்கு விழுற அடியும் சின்னன். உங்கடை எண்பது கிலோவை எலும்பு தாங்குமே, ஐயா?"

டொக்டர் நகர்ந்ததும், பார்க்க வந்திருந்த உரும்பிராய்ச் சனம் கட்டிலைச் சூழ்ந்தது.

"குட்டியைச் சாக்கிலை கட்டிக் கிணத்துக்குள்ளை எறிஞ்ச பாவி நல்லாயிருக்கமாட்டான்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "அதைக் காப்பாத்தப் போய் விழுந்த அண்ணை தெய்வம்!"

"என்ரை அப்பா!" என்று மகள் ஆரபி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். குகதாசன் கண்களை மூடிக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு, மனைவி உதயகலா தோடம்பழம் உரித்தபடி மெல்லச் சொன்னாள்.

"சாக்கை நான்தான் அவிழ்த்தனான். சந்தைக்கு வெங்காயம் கட்டேக்கை நீங்கள் போடுற அதே ரெட்டை முடிச்சு. எறியேக்கைதானே கால் வழுக்கினது?"

வாசல்பக்கம் பார்த்துக்கொண்டு அவர் கேட்டார். "பிள்ளைக்குத் தெரியுமோ?"

"இல்லை. நீங்கள் வருமட்டும் குட்டி அப்பான்ரை கட்டிலிலை படுக்கட்டாம்."

குகதாசன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தார். கட்டுப்போட்ட கால் விடவில்லை.