முன்னி ஹோம்

"பார்த்தியா வேதா! மூணு வாரமா நெட் ஏன் இழுக்குதுனு கேட்டேன்ல? ஆள் பேரோட மாட்டிக்கிச்சு."

மணிவேல் செல்போனை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினான். வீட்டு ரவுட்டரைக் கவனித்துக்கொள்ளும் ஆப் அது. 'முன்னி ஹோம் - கனெக்டட்' என்று பச்சையாக எரிந்தது.

"அது வந்துங்க..." என்றாள் வேதா.

அதற்குள் அவன் வாசலுக்குப் போய்விட்டான்.

பக்கத்து வீட்டு முன்னி பேகம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போன பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் இடமில்லாமல் அவள் சொந்தக்காரர்கள் இவன் கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

"ஏம்மா, அடுத்தவங்க நெட்டைச் சொல்லாம எடுத்துக்கிறதுக்குப் பேரு என்ன? திருட்டுதானே?"

தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

முன்னி பேகம் அவனுக்குப் பின்னால் நின்ற வேதாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். 'மறுக்கறாளாக்கும்' என்று நினைத்தான் மணிவேல்.

"தப்புதாங்கண்ணா" என்றாள். மீதித் துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதோடு அவன் விடவில்லை. நெட் கனெக்‌ஷன் பார்க்கும் பரசுராமனைக் கூப்பிட்டான்.

"பாஸ்வேர்டை மாத்து. கெஸ்ட்டுக்குனு தனியா ஒண்ணு இருக்காமே, அதையும் மூடிடு. முக்கியமா இந்த முன்னியை பிளாக் பண்ணிடு."

"எல்லா வசதியும் இந்தப் பெட்டியிலயே இருக்கு சார். ரெண்டு நிமிஷம்." லேப்டாப்பைத் திறந்த பரசுராமன் நெற்றியைச் சுருக்கினான். "இதையா பிளாக் பண்ணச் சொல்றீங்க?"

"ஆமா."

"பண்ணா உங்க வீட்டுல நெட்டே வராது சார்."

"என்னய்யா ஒளர்ற?"

"கால்வாய் தோண்டறப்ப பொக்லைன் உங்க கேபிளை அறுத்து மூணு வாரம் ஆச்சே. தோண்டின பள்ளத்தை மூடாம புதுசு இழுக்க முடியாதுனு வீட்டம்மாகிட்ட சொன்னேனே. பக்கத்து வைஃபையை வாங்கி நம்ம வீட்டுக்குள்ள பரப்புற வேலையும் இந்த ரவுட்டர் செய்யும். அப்படித்தான் ஓடிட்டிருக்கு. முன்னி ஹோம்ன்றது அவங்க ரவுட்டர் சார். அது உங்களோடதுல மாட்டல. உங்களோடதுதான் அதுல மாட்டியிருக்கு."

மணிவேல் மெதுவாக வேதாவின் பக்கம் திரும்பினான்.

"நம்ம எழிலரசிக்கு ஆன்லைன் பேங்க் பரீட்சை கிளாஸ் நின்னுபோச்சுனு கேள்விப்பட்டு, அவங்களே வந்து பாஸ்வேர்டு போட்டுக் குடுத்தாங்க" என்றாள் வேதா.

"அப்ப நான் அத்தினி பேச்சு பேசறப்ப அந்தம்மா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, அவங்க நெட்டு நமக்கெதுக்குனு அப்பவே புடுங்கிப் போட்ருவீங்க. பொண்ணுக்கு இன்னும் ரெண்டு நாள் கிளாஸ் பாக்கி இருக்கு. அதான் திருடின்ற பேரை வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டாங்க."