இரண்டு கோடு

அரிசி அளவு சதையை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் போதும், அது தன் பூர்வீகம் முழுவதையும் என்னிடம் ஒப்பித்துவிடும். திசுப் பரிசோதனை டாக்டராக இருந்து ஓய்வுபெற்ற நான் இதைச் சொன்னால், என் தங்கை மகளின் கணவன் மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பான்.

பிள்ளைக்காக அவள் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. அவன் வாசலோடு நின்றுவிடுவான். கர்ப்பப் பரிசோதனையில் இரண்டு கோடு விழுந்ததும் ஏழு தெருவுக்குக் கேட்கக் கத்தினான்.

"இது என் குழந்தையே இல்ல பெரியம்மா! யாரோடதுன்னு கேளுங்க!"

ஸ்கேனில் குழந்தை இல்லை. சினைப்பையில் தேங்காய் அளவுக் கட்டி. அறுத்தெடுத்ததை, ஓய்வுபெற்றிருந்தும், என் பழைய லேபில் கேட்டு வாங்கி நானே பரிசோதித்தேன்.

"சினைப்பைக் கட்டியில பல ரகம் மாப்ளே. ஒண்ணு பல்லும் முடியும் வளர்க்கும். இது கர்ப்ப ஹார்மோனைச் சுரந்து ஊரையே ஏமாத்துற ரகம். புற்றுதான், ஆனா மருந்துக்கு அடங்கிடும். இவ மேல ஒரு தப்பும் இல்ல."

அவளைப் பார்த்து அசடு வழிந்தான். "மன்னிச்சிடும்மா."

அவள் அழவில்லை. "மன்னிக்கிறேன். ஆனா உங்க குழந்தை இல்லைன்னு எப்படிங்க அவ்வளவு உறுதியாச் சொன்னீங்க?"

அவன் என்னைப் பார்த்தான். நான் உதவிக்கு வரவில்லை.

"கருத்தடை ஆபரேஷன்... கல்யாணத்துக்கு முன்னாடியே பண்ணிக்கிட்டேன்" என்றான்.