இரண்டாம் பாகத்துப் பேய்

டிவியில் பேய் வர இன்னும் நேரம் கிடந்தது. அதற்குள் தவமலர் படத்தைப் புகழ ஆரம்பித்துவிட்டாள்.

“மொத பார்ட்டெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாதுங்க. இதுதான்லா படம்!”

பக்கத்து நாற்காலியில் போர்வைக்குள் இருந்த அவள் புருஷன் மகேஸ்வரன் வாய் திறக்கவில்லை.

போன வருடம் இதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் லயத்து வீடுகள் அத்தனைக்கும் கேட்கிற மாதிரி ஒரு சண்டை நடந்திருக்கும்.

எஸ்டேட் லோரி ஓட்டியவன் அவன். தேயிலை ஏற்றிக்கொண்டு மலை இறங்கி ஏறும் நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் பேய்ப்படம்தான். நல்ல பழைய பேய்ப்படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கிறவர்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. பிரிஞ்சாங் டவுனில் ஹக்கீமின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால், தே தாரேக் டீ ஆறி ஆடை கட்டும்வரை அந்த நியாயத்தைத்தான் பேசிக்கொண்டிருப்பான்.

முதல் பாகத்தில் பேய்க்கு ஒரு மனக்குறை இருந்தது, அதனால் அலைந்தது. இரண்டாம் பாகத்தில் படம் எடுத்தவனுக்குத்தான் குறை என்பான். கடையே சிரிக்கும்.

அப்பேர்ப்பட்ட வாய், மூளையில் ரத்தக்குழாய் அடைத்த அன்றைக்கு மூடிக்கொண்டது. வலது கையும் காலும் கூடவே போயின.

மிச்சமிருந்த கண்களும் எங்கேயோ பார்த்தன. அவனுக்கு எவ்வளவு புரிகிறதென்று இப்போது சொல்ல முடியாது, பிடித்த விஷயமாகப் பேசிக்கொண்டே இருங்கள் என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார்.

தவமலரும் பேசிப் பார்த்தாள். அவனுடைய லோரியை இப்போது யார் ஓட்டுகிறார்கள் என்பதைப் பேசினாள். கோலா தெர்லா பக்கம் மண் சரிந்து ரோடு அடைபட்டதைப் பேசினாள். சுவரிடம் பேசுவதுபோல்தான் இருந்தது. அவன் எழுந்து நடக்க வேண்டாம், பேசக்கூட வேண்டாம். ஆள் உள்ளே இருக்கிறானா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

போன வாரம் பார்க்க வந்த ஹக்கீம், அடுப்படியில் நின்று கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, போகும்போதுதான் அந்த யோசனையைச் சொன்னான். மகேஸ்வரன் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் அந்தப் பழைய படத்துக்கே இரண்டாம் பாகம் வந்துவிட்டதாம்.

“போட்டுக் காட்டு தங்கச்சி. நல்லாருக்குன்னு வேற சொல்லு. ஆளு உள்ள இருந்தா கோவம் வரும்லா.”

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, அவள் வாய் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். பாட்டு பிரமாதம் என்றாள். பங்களா பிரமாதம் என்றாள். அவனுக்குச் சாமி மாதிரியான அந்தப் பழைய பேயையும் விட்டுவைக்கவில்லை.

“அதெல்லாம் ஒரு பேயாங்க? வெள்ளச் சேலையும் மாவு பூசுன மூஞ்சியும்!”

சொன்னதும் அவளுக்கே மனசு குறுகுறுத்தது. ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் புருவம்கூட அசையவில்லை. கடைவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டாள்.

இனி என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. இந்த மனுஷன் போய்விட்டான், நான்தான் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன் என்று நினைத்தாள்.

டிவியில் ஒரு பெண் தாழ்வாரத்தில் தனியாக நடந்துகொண்டிருந்தாள். பயப்படும்படி ஒன்றுமில்லை. மூடிய கதவுகள்தான் வரிசையாக இருந்தன. பாட்டுகூட நின்றுவிட்டது. அணைத்துவிடலாம் என்று தவமலர் ரிமோட்டைத் தூக்கினாள்.

பக்கத்தில் போர்வை அசைந்தது.

ஒரு கை வந்து முதலில் அவள் மூக்கில் இடித்தது. தைல வாசம் அடித்தது. அந்தக் கை வழி தெரியாமல் தடவித் தடவி மேலேறி, அவளுடைய இரண்டு கண்களையும் பொத்திக்கொண்டது. இடது கை.

மறு கணம் டிவியில் பேய் அலறியது.

கல்யாணமான புதிதில் ஈப்போ தியேட்டரில் ஆரம்பித்த பழக்கம் அது. அவள் பயந்த சுபாவம். பேய் எப்போது வரும் என்று அவனுக்கு எப்படியோ முன்னாடியே தெரிந்துவிடும். அது வருவதற்கு ஒரு கணம் முன்னால் அவன் உள்ளங்கை வந்து அவள் கண்ணை மூடும். எந்தப் படத்திலும் அது தவறியதில்லை. முதல் பாகத்துப் பேயை அவள் இன்றுவரை போஸ்டரில் தவிர வேறெங்கும் பார்த்ததே இல்லை.

அலறல் ஓய்ந்தது. கை இறங்கவில்லை. பேய் இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

அவன் விரல்களெல்லாம் நனைந்துவிட்டன. விலக்கிப் பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

“கைய எடுத்துடாதீங்க, பயமா இருக்கு” என்றாள்.