தட்டுகிற கவிதை

"என்ன சுதேஷ்ணா இது, கீறல் விழுந்த ரிக்கார்டா?"

எல்லோருக்கும் அண்ணனான பத்திரிகை ஆசிரியர் நிர்மால்யதா தாளை மேசைமேல் போட்டார். கொல்கத்தாவின் சிறுபத்திரிகைக்காரர்கள் நடுவில் அவர் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது.

"வரிக்கு வரி 'த... த... தட்டுகிறேன்', 'க... க... கதவே'. எதுகை மோனையெல்லாம் வேண்டாம்னுதானே புதுக்கவிதைக்கு வந்தோம்? நீ மோனையை மூட்டை கட்டிக் கொண்டுவந்து இறக்கறியே."

"கதவைத் தட்டறவன் ஒரு தடவையோட நிறுத்துவானா, நிர்மால்யதா?"

"வாசகனுக்கு ஒரு தடவை போதும்மா. அதையெல்லாம் வெட்டிடு, இந்த வருஷப் பதக்கம் உனக்குத்தான். வெட்டலேன்னா விழாவுல வாசிக்க மட்டும் இடம் தர்றேன்."

பல வருஷமாக அவள் எதிர்பார்த்த பதக்கம். சுதேஷ்ணா தாளை எடுத்து மடித்துக்கொண்டாள்.

"வெட்ட மாட்டேன். ஆனா மேடையில என் தம்பி பினாகி வாசிக்கட்டும். அதுக்கு மட்டும் சரின்னு சொல்லுங்க."

சரி என்றார். இவ்வளவு தலைக்கனம் ஆகாது என்று மனசுக்குள் முடிவும் கட்டிக்கொண்டார். நாலு எழுத்துக்காகப் பதக்கத்தை உதறுகிறவளை வேறென்ன சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை விழாவில் பதக்கம் வேறொருவர் கழுத்தில் ஏறியது. சுதேஷ்ணாதான் முதலில் கைதட்டினாள். அப்புறம் பினாகி மைக் முன்னால் வந்து நின்றான்.

"த... த... தட்டுகிறேன்.
க... க... கதவே, நான்தான்.
இ... இன்னும் போகவில்லை."

சபை அடங்கிவிட்டது. ஒவ்வோர் எழுத்தும் மரத்தில் விரல் விழுவது போலக் கேட்டது. தட்டுகிறவனுக்குப் பயம். ஆனாலும் திரும்பிப் போக மனசில்லை. தாளில் குப்பையாகத் தெரிந்ததெல்லாம் காதில் உயிரோடு இருந்தது.

கைதட்டல் ஓயும் முன்பே நிர்மால்யதா மேடைக்குப் பின்னால் போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனையோ பேர் வாசிச்சுக் கேட்டிருக்கேன், தம்பி. எந்த எழுத்துல நிக்கணும், எங்க விடணும்னு இவ்வளவு அழகா யாரும் வாசிச்சதில்ல. ரொம்ப நாள் பயிற்சியோ?"

பினாகி முகமெல்லாம் சிரிப்பாக வாயைத் திறந்தான். வார்த்தை வெளியே வரச் சற்று நேரம் பிடித்தது.

"ப... ப... பயிற்சியெல்லாம் இல்ல, நிர்மால்யதா. நா... நான் பேசறதே இப்படித்தான். ஒ... ஒரு தடவையாவது மே... மேடையேறணும்னு ஆசைப்பட்டேன். அ... அக்கா எனக்குன்னே எழுதினா."